தாளில் ஒட்டிய ஆர்க்கிட்

"என் வீட்டுக்காரர் தனியா மலை ஏறுற ஆளே இல்ல சார்," என்றாள் அந்த நர்ஸ், நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே.

அவள் கணவர் தாவரவியலாளர். எந்நேரமும் மேகம் மூடிய மலைக்காட்டில் புது ஆர்க்கிட் வகைகளைத் தேடித் திரிந்தவர். பாறையில் சறுக்கி, காலொடிந்து இறந்துபோனார். உடல் கிடைக்கவே ஒரு வாரம் ஆயிற்று.

"விழுந்ததும் போகல. ரெண்டு நாள் உயிரோட கிடந்திருக்கார்னு டாக்டர் சொன்னார். பையைக் குடுத்தாங்க. அதோட பெல்ட்டு, உள்ள இருந்த வெத்துத் தாள் எல்லாம் பூஞ்சை. அப்படி ஒரு ஈரம். கூட யாரோ இருந்திருக்காங்கன்னு மனசு அடிச்சுக்குது."

துப்பறிவாளர் மெதுவாகத் தலையசைத்தார். அவருக்கு உதவியாக இருந்த அக்கா மகள் அதற்குள் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள்.

இறந்தவரின் நெருங்கிய நண்பர் ஒரு பேராசிரியர். காய்ந்த செடிகளைத் தாளில் ஒட்டிப் பாதுகாக்கும் கூடத்தில் மூவரையும் வரவேற்று, ஒரு தாளை இரு கையாலும் ஏந்தி வந்தார். மெல்லிய தண்டில் மூன்று பூக்கள். மஞ்சள்கூட மங்கவில்லை.

"அவன் கடைசியாப் பறிச்சது. தேடப் போனவங்களோட நானும் போனேன். அவன் பையிலிருந்து நானே எடுத்தேன். அதுக்கு முன்னாடி கண்ணால பாத்ததில்ல."

"கொள்ளை அழகு," என்றார் துப்பறிவாளர். "ஈரச் செடியை எப்படிக் காயவைப்பீங்க?"

"பலகைக்கு நடுவுல தாள் வச்சு இறுக்கிக் கட்டுவோம். தினமும் தாள் மாத்தணும். இல்லன்னா..." பேராசிரியர் சட்டென்று வாயை மூடிக்கொண்டார்.

"கறுத்து, பூஞ்சை பிடிச்சிடும். செத்தவர் தாள் மாத்தியிருக்க முடியாது. பெல்ட்டே பூத்துப்போன பையில ஒரு வாரம் கிடந்த பூ இல்லீங்க இது. பறிச்ச அன்னைக்கே கீழ வந்திருக்கு. யாரோ கண்ணுங்கருத்துமா தாள் மாத்தியிருக்காங்க."

"மாமா, அப்போ இவரும் மேல..." அக்கா மகள் முடிக்கவில்லை.

பேராசிரியர் ஸ்டூலில் சரிந்து உட்கார்ந்தார்.

"விழுந்து கிடந்தப்போ, பூ நசுங்காம கொண்டு போன்னு அவனே என் கையில குடுத்தான். ஆள் கூட்டிட்டு வரேன்னுதான் இறங்கினேன். பூ வாடிடுமேன்னு முதல்ல ரூமுக்குப் போனேன். விரிச்சேன், அளந்தேன், வரைஞ்சேன். நிமிர்ந்தா விடிஞ்சிருச்சு. இவ்வளவு நேரம் என்ன பண்ணினேன்னு கேப்பாங்களேன்னு பயந்து, யார்கிட்டயும் சொல்லாம இருந்துட்டேன்."

"அவர் கேட்டிருக்க மாட்டார்," என்றாள் நர்ஸ். "பூ நல்லா வந்திருக்கான்னுதான் கேட்டிருப்பார்."

துப்பறிவாளர் போலீசுக்குப் போன் செய்தார்.

"பூவுக்கு அவன் பேரைத்தான் வச்சிருக்கேன்மா," என்றார் பேராசிரியர். "அச்சுலயும் வந்திருச்சு."

"எடுத்துடுங்க."

"முறைப்படி வச்ச பேரை அப்படியெல்லாம் எடுக்க முடியாது."

அவள் தாளின் மூலையில் ஒட்டியிருந்த பெயர்ச்சீட்டைப் பார்த்தாள். "அவர் பேருக்குப் பின்னாடி இது யார் பேர்?"

பேராசிரியர் தலை குனிந்தார்.

"வகையை முதல்ல விவரிச்சு எழுதினவர், இவரோட பேர்," என்றார் துப்பறிவாளர். "எப்பவும் சேத்துத்தான் எழுதுவாங்க."

"எப்பவுமா?"

அவள் தாளை எடுத்து, மேஜைமேல் கவிழ்த்து வைத்தாள். பூ உதிர்ந்துவிடுமோ என்று, பேராசிரியரின் கை தன்னையறியாமல் முன்னே நீண்டது.