ராக்கெட்டின் வலது சக்கரம்

பட்டாணிக்குப் பொய் சொல்ல வராது. சொன்னால் காது சுடும். முதலில் வலது காது, அப்புறம் இடது காது. ஆனால், வாயைத் திறக்காமலே பொய் சொல்ல முடியும் என்பதை ஐந்தாம் வகுப்புப் படிக்கும்போது அவள் கண்டுபிடித்தாள். பெருமைப்படக்கூடிய கண்டுபிடிப்பு இல்லை. அந்தக் கதைதான் இது.

பட்டாணி என்பது வீட்டில் கூப்பிடும் பேர். பிறந்தபோது அவ்வளவு சின்னதாக இருந்தாளாம். இப்போது வகுப்பிலேயே அவள்தான் உயரம். பேர் மட்டும் வளரவே இல்லை.

அவளுடைய அம்மா, மின்சாரத்தில் ஓடும் சக்கர நாற்காலிகளைப் பழுது பார்ப்பவள். வீட்டின் முன்னறைதான் பட்டறை. அந்த வாரம் அங்கே நின்றுகொண்டிருந்தது ராக்கெட்டின் நாற்காலி. ராக்கெட், பட்டாணியின் வகுப்புத் தோழி. பள்ளி வராந்தாவில் அவள் நாற்காலியை ஓட்டும் வேகத்தைப் பார்த்து வகுப்பே சேர்ந்து வைத்த பேர் அது. மழைத் தண்ணீர் புகுந்து நாற்காலியின் இரண்டு மோட்டார்களும் கெட்டுப்போயிருந்தன.

திங்கட்கிழமை மாலை. அம்மா வேலை செய்துகொண்டிருந்தாள். பக்கத்தில் பட்டாணி வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். அவளுடைய தம்பி வாலு, ஐந்து வயது, எதையும் செய்யாமல் எல்லோருக்கும் இடைஞ்சலாக இருந்தான்.

"இந்தப் பொத்தான் எதுக்கும்மா?" என்று கேட்டான் வாலு. தட்டில் பளபளவென்று இரண்டு வட்டங்கள் கிடந்தன. சட்டைப் பொத்தான் அளவுதான் இருக்கும்.

"பொத்தான் இல்லடா, காந்தம். சக்கரம் எவ்வளவு திரும்பியிருக்குன்னு நாற்காலிக்குத் தெரியணும் இல்ல? மோட்டாருக்குள்ள சுத்துற தண்டு இருக்கு பாரு, அதோட நுனியில இதை ஒட்டுவேன். தண்டு திரும்பினா இதுவும் திரும்பும். எதிர்ல ஒரு சென்சார் இருக்கு. அது இதைத் தொடாமலே எவ்வளவு திரும்பியிருக்குன்னு கண்டுபிடிச்சிடும்."

"அதுக்குக் கண்ணு இருக்கா?"

"கண்ணு கிடையாது. காந்தம் மட்டும்தான் தெரியும்."

"பாவம்" என்றான் வாலு.

வாசலில் யாரோ கூப்பிட்டார்கள். அம்மா எழுந்து போனாள். வாலுவும் கூடவே ஓடினான். அவன் இல்லாமல் எந்த விருந்தாளியும் உள்ளே வந்ததில்லை.

பட்டாணியின் பையில் அறிவியல் பாடத்துக்கான திசைகாட்டி இருந்தது. சும்மா ஒரு காந்தத்தை எடுத்து அதற்கு அடியில் பிடித்தாள். விரலால் மெல்லத் திருப்பினாள். திசைகாட்டியின் முள்ளும் கூடவே திரும்பியது. முழுச் சுற்று சுற்றினாள். முள்ளும் முழுச் சுற்று சுற்றியது.

பட்டாணிக்கு வாயெல்லாம் பல். புதன்கிழமை வகுப்பில் திறமை காட்டும் நேரம். அவளிடம் காட்ட ஒரு திறமையும் இல்லை என்று ஒரு வாரமாகக் கவலைப்பட்டுக்கொண்டிருந்தாள்.

வீட்டு ஃபிரிட்ஜ் கதவில் பள்ளி நேர அட்டவணையைப் பிடித்துக்கொண்டு ஒரு காந்தம் இருந்தது. அதே அளவு, அதே பளபளப்பு. ஓடிப்போய் அட்டவணையை ஃபிரிட்ஜ் மேல் வைத்துவிட்டு, காந்தத்தை எடுத்துவந்து திசைகாட்டிக்கு அடியில் வைத்துச் சுற்றினாள். முள் கொஞ்சம் நடுங்கியது, அவ்வளவுதான். அந்தக் காந்தம் எதற்கும் உதவாது.

அம்மாவிடம் கேட்கலாம். கேட்டால் கிடைக்காது. பட்டாணி வாசலைப் பார்த்தாள், தட்டைப் பார்த்தாள். பிறகு ஃபிரிட்ஜ் காந்தத்தைத் தட்டில் போட்டுவிட்டு, சுற்றும் காந்தத்தைப் பென்சில் பெட்டியில் போட்டுக்கொண்டாள்.

"காந்தம்னா காந்தம்தானே" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். காது லேசாகச் சுட்டது.

புதன்கிழமை வகுப்பில் அமர்க்களம். மெல்லிய அட்டையின்மேல் திசைகாட்டி, அட்டைக்கு அடியில் பட்டாணியின் கை. "சுத்து" என்றாள். முள் சுற்றியது. "நில்லு" என்றாள். நின்றது. ஆசிரியைகூடக் கிட்டே வந்து குனிந்து பார்த்தார். எல்லோரையும்விட அதிகமாகக் கைதட்டியவள் ராக்கெட். நாற்காலி பட்டறையில் இருந்ததால், அப்பா தள்ளிக்கொண்டு வந்த பழைய நாற்காலியில் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தாள்.

"உங்கம்மாகிட்ட சொல்லு பட்டாணி, வெள்ளிக்கிழமைக்குள்ள என் வண்டி வேணும்" என்றாள். வெள்ளிக்கிழமை வகுப்பு முழுவதும் துறைமுகத்துக்குப் போகிறது. ஒரு பெரிய கப்பல் வந்திருந்தது. "கப்பலோட இந்த நுனியிலேருந்து அந்த நுனி வரைக்கும் நான் ஓட்டிப் பார்க்கப் போறேன்."

வியாழக்கிழமை மாலை ராக்கெட்டும் அவளுடைய அப்பாவும் வந்தார்கள். அப்பா பஸ் ஓட்டுநர், காக்கிச் சட்டையோடு அப்படியே வந்திருந்தார். காந்தம் ஒட்டிய பசை அன்று மதியம்தான் காய்ந்திருந்தது.

"ஓட்டிப் பாரு கண்ணு" என்றாள் அம்மா.

அப்பா தூக்கி உட்காரவைத்ததும் ராக்கெட் கைப்பிடியை முன்னால் தள்ளினாள். வலது சக்கரம் காய்ச்சல் வந்ததுபோல் நடுங்கியது, நின்றுவிட்டது. இடது சக்கரம் மட்டும் ஓடியது. நாற்காலி அறை நடுவே ஒரு வட்டம் அடித்தது. இன்னொரு வட்டம்.

"ஐ, ராட்டினம்" என்று கைதட்டினான் வாலு. வேறு யாரும் சிரிக்கவில்லை.

அம்மா பாய்ந்து போய் விசையை அணைத்தாள். அவள் முகத்தில் ஈயாடவில்லை.

"என் தப்புதான் அண்ணா" என்றாள். "இத்தனை வருஷத்துல இப்படி ஆனதில்ல. எங்கயோ கை தவறியிருக்கு."

"பரவாயில்லம்மா" என்றார் ராக்கெட்டின் அப்பா. நல்ல மனிதர், கோபப்படவில்லை. "நாளைக்குக் காலையில ஏழு மணிக்குக் கிளம்பணுமே, அதான் யோசிக்கிறேன். இவ பழைய நாற்காலியில போகட்டும். அடுத்த வாரம் வேற பட்டறையில காட்டிக்கிறேன்."

"நான் போகல" என்றாள் ராக்கெட்.

"ஏம்மா?"

"அதுல உட்கார்ந்தா எல்லாரும் என்னைக் கேக்காமலே திருப்பிடறாங்க. பேசிக்கிட்டு இருக்கும்போதே திருப்பிடறாங்க. போன தடவை மிருகக்காட்சி சாலையில ஒட்டகச்சிவிங்கியோட காலை மட்டும்தான் பார்த்தேன். தலையைப் பார்க்கறதுக்குள்ள தள்ளிட்டுப் போயிட்டாங்க."

பழைய நாற்காலியில் அவளை உட்காரவைத்து அப்பா தள்ளிக்கொண்டு போனார். வாசல் படியில் அவளைக் கேட்காமலே திருப்பினார்.

பட்டாணி கதவுக்குப் பின்னால் நின்றிருந்தாள். திருடனுக்குத் தேள் கொட்டினால் வலிக்கிறது என்று கத்தவும் முடியாது. வலது காது சுட்டது. இடது காது சுட்டது. அவள் இன்னும் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை.

அம்மா இரண்டு மோட்டார்களையும் மறுபடி பிரித்தாள். ஒவ்வொரு கம்பியாகச் சோதித்தாள். வலது பக்கம் புது சென்சாரே மாட்டிப் பார்த்தாள். பயனில்லை. தண்டுகள் இரண்டையும் உருவி மேசைமேல் வைத்துவிட்டுத் தலையில் கைவைத்து உட்கார்ந்தாள்.

"காந்தம் இருக்கு. சென்சாரும் நல்லா இருக்கு. ஆனா தண்டு திரும்புறதே தெரியலங்குது. எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல" என்று தன்போக்கில் சொன்னாள்.

பட்டாணி அந்தத் தண்டுகளையே பார்த்தாள். திரும்புவதே தெரியவில்லை. ஃபிரிட்ஜ் காந்தத்தைத் திருப்பியபோது திசைகாட்டி முள்ளுக்கும் அதுதானே தெரியவில்லை? அதனால்தானே அது வேண்டாம் என்று தட்டில் போட்டாள்?

காந்தம் என்றால் காந்தம்தான் என்பது தப்பு. ஃபிரிட்ஜ் காந்தத்தின் முகம் முழுவதும் ஒரே துருவம்; மோட்டார் காந்தத்தின் முகத்தில் பாதி வடக்கு, பாதி தெற்கு. வெள்ளைத் தட்டைச் சுற்றினால் சுற்றியதே தெரியாது. பாதி கறுப்பு, பாதி வெள்ளை என்றிருந்தால்தான் தெரியும். அவள் வண்டிக்கு வெள்ளைத் தட்டைக் கொடுத்துவிட்டு, பாதி கறுப்புத் தட்டை மேஜிக் காட்ட எடுத்துப் போயிருக்கிறாள்.

"அம்மா" என்றாள். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் வந்தது. "காந்தத்தை மாத்திப் பாரேன்."

"அது புதுசு பட்டாணி. நானே பெட்டியிலேருந்து எடுத்துத் தட்டுல வெச்சேன். அதுல குறை இருக்காது. குறை என் கையிலதான்."

அப்போதுதான் அடுப்படியிலிருந்து வாலு கத்தினான். "அக்கா, டைம் டேபிள் ஏன் கீழ கிடக்கு? அந்தக் காந்தம் எங்க?"

பட்டாணிக்குப் பூமி பிளந்தால் உள்ளே போய்விடலாம் போலிருந்தது. பூமி அப்படியெல்லாம் உடனே பிளப்பதில்லை. அவள் பையைத் திறந்து திசைகாட்டியை எடுத்தாள்.

"இதைப் பாரும்மா."

இடது மோட்டாரின் தண்டு நுனியில் திசைகாட்டியைப் பிடித்து, தண்டைச் சுற்றினாள். முள் கூடவே சுற்றியது. வலது மோட்டாரின் தண்டுக்கு மாற்றினாள். சுற்றினாள். முள் லேசாக நடுங்கிவிட்டுச் சும்மா நின்றது.

அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள். "இது உனக்கு எப்படித் தெரியும்?"

பட்டாணி பென்சில் பெட்டியைத் திறந்து அம்மாவின் உள்ளங்கையில் அந்தக் காந்தத்தை வைத்தாள். தலை நிமிரவில்லை.

"நான்தான் மாத்தினேன். தண்டுல இருக்கறது ஃபிரிட்ஜ் காந்தம். மேஜிக் காட்டறதுக்கு எடுத்தேன். உன் தப்பு இல்லம்மா. நான் அங்கேயே நின்னு கேட்டுக்கிட்டே இருந்தேன், வாயைத் திறக்கல."

அம்மா அந்தக் காந்தத்தையே திருப்பித் திருப்பிப் பார்த்தாள். திட்டினால்கூடத் தேவலை என்றிருந்தது பட்டாணிக்கு.

"சாயங்காலத்திலேருந்து என் கையைத்தான் நான் திட்டிக்கிட்டு இருக்கேன்" என்றாள் அம்மா கடைசியில்.

அந்த ஒரு வாக்கியத்துக்குப் பட்டாணி அழுதுவிட்டாள். அம்மா தடுக்கவில்லை. கொஞ்ச நேரம் அழட்டும் என்று விட்டுவிட்டு, வலது தண்டின் நுனியைச் சூடுபடுத்தினாள். பசை இளகி ஃபிரிட்ஜ் காந்தம் கழன்று விழுந்தது. சரியான காந்தத்தை ஒட்டினாள்.

"காலையில காஞ்சிடும். வண்டி ஓடும். ஆனா அவங்ககிட்ட என்ன சொல்றது?"

பட்டாணி மூக்கை உறிஞ்சினாள். "நான் சொல்றேன். நீ கூட நில்லு, போதும்."

வெள்ளிக்கிழமை காலை ஆறரை மணிக்கே நாற்காலியோடு ராக்கெட்டின் வீட்டு வாசலில் நின்றார்கள். அவளுடைய அப்பா கதவைத் திறந்தார். ராக்கெட் பழைய நாற்காலியில், பள்ளிச் சீருடை போடாமல் உட்கார்ந்திருந்தாள்.

பட்டாணி வழியெல்லாம் மனப்பாடம் செய்திருந்தது அத்தனையும் மறந்துவிட்டது. அதனால் நேராகச் சொன்னாள்.

"அங்கிள், எங்கம்மா வேலை சரியாத்தான் செஞ்சாங்க. அவங்க எடுத்து வெச்ச காந்தத்தை நான் கேக்காம எடுத்துட்டு, வேற காந்தத்தைப் போட்டுட்டேன். அதான் வண்டி சுத்துச்சு. நேத்தே எனக்குத் தெரிஞ்சுபோச்சு, சொல்லல. மன்னிச்சிடுங்க." பிறகு ராக்கெட்டின் பக்கம் திரும்பினாள். "நீயும்."

ராக்கெட் புருவத்தைச் சுருக்கினாள். "அந்த மேஜிக்கா? அது என் சக்கரத்தோட காந்தமா?"

"ஆமா."

"நான்தான் எல்லாரையும்விட அதிகமா கைதட்டினேன்."

"தெரியும்" என்றாள் பட்டாணி. அதுதான் எல்லாவற்றையும்விட அதிகமாகச் சுட்டது.

ராக்கெட்டின் அப்பா, பட்டாணியின் அம்மாவைப் பார்த்தார். "வேற பட்டறைன்னு சொல்லிட்டேனேம்மா. மனசுல வெச்சுக்காதீங்க" என்றார். மகளைத் தூக்கி மின்சார நாற்காலியில் உட்காரவைத்தார்.

ராக்கெட் கைப்பிடியைத் தள்ளினாள். இரண்டு சக்கரங்களும் தடங்கலில்லாமல் ஓடின. ஒரு வார்த்தை பேசாமல் தெருவில் இறங்கி, பட்டாணிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு போனாள். இரண்டு வீடு தாண்டினாள். மூன்று வீடு தாண்டினாள்.

பட்டாணி தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

சக்கரச் சத்தம் கிட்டே வந்தது. நிமிர்ந்து பார்த்தாள். ராக்கெட் திரும்பி வந்து அவளைச் சுற்றி ஒரு வட்டம் அடித்தாள். இன்னொரு வட்டம்.

"மறுபடியுமா?" பட்டாணிக்கு உயிரே போய்விட்டது. "வலது சக்கரம் நிக்குதா?"

"நேத்து இது தானா சுத்துச்சு" என்றாள் ராக்கெட். "இன்னிக்கு நான் சுத்தறேன். சீருடை மாத்திக்கிட்டு வந்துடறேன், இங்கயே நில்லு. பஸ்ஸுல எல்லார்கிட்டயும் அந்த மேஜிக் எப்படின்னு நீதான் சொல்லணும். யாரோட காந்தம்னும் சொல்லணும்."

"சொல்றேன்" என்றாள் பட்டாணி.

அவளுடைய காதுகள் இரண்டும் சில்லென்று இருந்தன.