சுருளில் இருந்தவள்

சைகல் கூப்பிடுவதற்கு முன்பே பட்டறை அறையிலிருந்து பதில் வந்துவிட்டது.

"வர்றேன்டி! எத்தனை தடவை கூப்பிடுவே?"

லக்மான் நூடுல்ஸ் கிண்ணத்தைக் கையில் பிடித்தபடி அவள் அடுப்படியிலேயே நின்றாள். கூப்பிட வாயைத் திறந்தது உண்மைதான். சத்தம் இன்னும் வெளியே வரவில்லை. ஹெட்போனை மாட்டிக்கொண்டால் கூரை இடிந்து விழுந்தாலும் அசையாத மனுஷன், கூப்பிடாத குரலுக்கு எழுந்து வருகிறான்.

எல்லாம் பத்து நாளாகத்தான். கரகோலில் யாரோ வீட்டைக் காலி செய்கிறார்கள் என்று கேள்விப்பட்டு ஓடிய அவள் புருஷன் ஜோமார்த், ஒரு ஆட்டின் விலையைக் கொடுத்துப் பழைய சோவியத் காலத்து ஸ்பூல் டேப் மெஷின் ஒன்றை வாங்கி, காரின் பின்சீட்டில் போர்வை சுற்றிப் படுக்கவைத்து பிஷ்கெக் வரை கொண்டுவந்தான். அது அவன் தொழில். வாங்குவான், பழுது பார்ப்பான், விற்பான். இதை மட்டும் விற்கவில்லை. பெல்ட்டை மாற்றி, டேப் உரசிப்போகும் ஹெட்டுகளை ஸ்பிரிட் தொட்டுத் துடைத்து, காய்ந்துபோன கண்டென்சர்களைப் பிடுங்கிப் புதியவற்றைப் பற்றவைத்து முடித்த அன்று, ஈயம் உருகிய வாடை அறையைவிட்டுப் போவதற்குள், மெஷினோடு வந்த ஒரே சுருளை மாட்டினான்.

ஒரு பெண் பேசினாள். தூர தேசத்துக்கு வேலைக்குப் போன புருஷனுக்குக் கடிதத்துக்குப் பதிலாகப் பேசி வைத்த டேப், அனுப்பப்படாமலே வீட்டில் கிடந்திருக்கிறது. மாடு கன்று போட்டது, ஏரிக்கரையில் காற்று அதிகம், சுவரில் காரை உதிர்கிறது. வேறொன்றுமில்லை. ஆனால் ஒவ்வொன்றையும் சொல்லி முடித்து, பக்கத்தில் உட்கார்ந்து கேட்பவனிடம் போல மெல்லச் சிரித்து, "வந்துட்டீங்களா? டீ ஆறுது" என்பாள்.

அந்த இடம் வரும்போதெல்லாம் ஜோமார்த்தின் முகம் இளகும். கல்யாணமான பதினோரு வருஷத்தில் சைகல் அந்த முகத்தைப் பார்த்ததில்லை. அவளுக்கு வயிறு எரிந்தது. சக்களத்திக்கு உடம்பு இருக்க வேண்டும் என்று யார் சொன்னது?

"அவ பேசுறதுக்கு முன்னாடியே லேசா இன்னொரு குரல் அதையே சொல்லுதே, அது என்ன?" என்று ஒருநாள் கேட்டாள்.

"வருஷக்கணக்கா சுத்தியே கிடந்தா ஒரு சுத்துல இருக்கிறது பக்கத்துச் சுத்துல ஒட்டிக்கும். அதான் முன்னாடியே கேக்குது. பழைய டேப்புல சகஜம்."

"அழிச்சிடுங்களேன்."

அவன் ஹெட்போனைக் கழற்றினான். "என்னடி, பொறாமையா? அவ எப்பவோ செத்திருப்பா."

"நான் பேசி ஒரு நாளாவது இப்படி உக்காந்து கேட்டிருக்கீங்களா?"

"உன் குரல்தான் தெருமுனை வரைக்கும் கேக்குதே. அதுக்கு மெஷின் வேற வேணுமா?" சிரித்துவிட்டு, விரலால் சிவப்புப் பொத்தானைத் தொட்டுக் காட்டினான். "இதுல அழிக்கிறதுன்னு தனியா ஒண்ணும் கிடையாது. இதை அமுக்கினா உள்ள இருக்கிறது போகும், வெளிய இருக்கிறது ஏறும். தெரியாம கைய வெச்சுடாதே."

மறுநாள் வேலிக்கு அந்தப் பக்கம் கரி வாளியோடு நின்ற துர்சுனாய் அக்கா கண்ணைச் சிமிட்டினாள். "வீட்டுக்கு யாருடி வந்திருக்கா? நீ ரொட்டி வாங்கப் போனப்ப அடுப்படியில ஒருத்தி சிரிச்சாளே."

"ரேடியோக்கா."

அடுப்படியில் ரேடியோ கிடையாது. மாலையில் பாத்திரம் கழுவும்போது தன் கிண்ணங்கள் மோதும் சத்தத்துக்கு ஒரு நொடி முன்னால், அதே சத்தம், மெலிதாக, முதுகுக்குப் பின்னால் கேட்டது. திரும்பினாள். அடுப்பில் கரி கனன்றுகொண்டிருந்தது. ஈரத் துணி மட்டும், அவள் போட்ட இடத்தில் இல்லாமல், மடித்து வைக்கப்பட்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை உதிரிபாகம் வாங்க ஜோமார்த் பழைய சாமான் சந்தைக்குக் கிளம்பினான். கரிப்புகை ஊர்மேல் கவிந்து நடுப்பகலிலேயே ஜன்னல் பழுப்பாகிக் கிடந்தது. கேட் சாத்திய சத்தம் அடங்கியதும் சைகல் பட்டறை அறைக்குள் போனாள். சோதனைக்குச் செருகிய மைக் மேஜைமேல் அப்படியே கிடந்தது. ஒரு உறையில் இரண்டு கத்தி இருக்காது என்று சொல்லிக்கொண்டே சிவப்புப் பொத்தானை அமுக்கினாள்.

சும்மா உட்காரத்தான் நினைத்தாள். முடியவில்லை. பத்து நாள் அடக்கியது, பதினோரு வருஷம் அடக்கியது, எல்லாம் பொங்கி வந்தது.

"அவர் என் புருஷன். உன் புருஷன் வரலேன்னா அதுக்கு நான் என்ன பண்ணுவேன்? நான் போடுற டீதான் அவர் குடிக்கணும். நான் பேசுறதைத்தான் கேக்கணும். கேக்குதா? போடி வெளிய!"

மைக்கை வாயோடு வைத்துத் திட்டினாள், அழுதாள், மறுபடி திட்டினாள். முக்கால் மணி நேரம். டேப்பின் நுனி ஓடி முடிந்து, வலப்பக்கச் சுருள் சும்மா சுற்றி, டப், டப், டப் என்று அடித்தது.

"முடிஞ்சுது" என்றாள்.

காதில் விழவில்லை.

செருமினாள். சத்தமில்லை. மேஜையை விரல் முட்டியால் தட்டினாள். வலித்தது. சத்தமில்லை.

மற்றதெல்லாம் கேட்டது. சுருள் அடிப்பது. தெருவில் நாய். அடுப்படியில் கெட்டிலின் மூடி.

அவள் கெட்டில் வைக்கவில்லை.

டீயின் வாசனை. தரைப்பலகையில் காலடி. நிதானமாக. வீட்டுக்காரியின் நடை.

கேட் திறந்தது. ஓடினாள். வாசல் கதவோரம், கோட் மாட்டும் ஆணிக்குக் கீழே நின்றாள். என்னங்க, என்றாள். என்னங்க!

ஜோமார்த் உள்ளே வந்தான். புகையும் குளிரும் கூடவே வந்தன. அவள் நின்ற இடத்தில் கோட்டை மாட்டினான்.

"வந்துட்டீங்களா? டீ ஆறுது." அடுப்படியிலிருந்து. மெல்லிய சிரிப்பு.

"கொண்டு வாடி இங்கே" என்றபடி பட்டறை அறைக்குப் போனான். சுருள் சுற்றுவதைப் பார்த்தான். நிறுத்தினான். நுனியைச் செருகி, பின்னோக்கி ஓட்டினான். ஹெட்போன். பொத்தான்.

முகம் இளகியது.

அதே முகம். அவள் தனக்கென்று கேட்ட முகம்.

"சைகல், இங்க வா," அடுப்படியைப் பார்த்துச் சிரித்தான். "இதுல யாரோ ஒருத்தி சக்களத்தியோட சண்டை போடுறாடி!"

சைகல் அலறினாள். அறையில் ஈ பறக்கும் சத்தம்கூட இல்லை. மெஷினில் ஒலியளவு காட்டும் இரண்டு முட்களும் துள்ளிக் கடைசிக் கோட்டை முட்டின. மூச்சு வாங்கினாள். முட்கள் விழுந்தன. மறுபடி அலறினாள். மறுபடி துள்ளின.

அவன் தோளுக்குப் பின்னாலிருந்து ஒரு கை நீண்டு, டீக் கிண்ணத்தை மேஜையில் வைத்தது. சைகலின் பச்சைக் கம்பளிச் சட்டை. சைகலின் மோதிரம்.

"ரொம்பத்தான் கத்துறா" என்று ஜோமார்த் ஒலியைக் கொஞ்சம் குறைத்தான்.