ஓட்டுத் தையல்

மதியம் சற்றே கண்ணயர்ந்து எழுந்து கடைக்குள் வந்த தையல்காரியின் பாதத்தில் ஒரு வெள்ளை நூல் ஒட்டிக்கொண்டது. தையல் கடையில் நூல் கிடப்பது பெரிய அதிசயமில்லை, கூட்டக் கூட்டக் கிடக்கும். ஆனால் இது ஒரு முழத்துக்கு மேல் நீளமாக, நெளிந்து நெளிந்து கிடந்தது. நூல்கண்டிலிருந்து உருவிய நூல் நேராக இருக்கும். துணிக்குள் நுழைந்து, அங்கே மாதக்கணக்கில் குடியிருந்து, பிறகு பிரித்தெடுக்கப்பட்ட நூல்தான் இப்படி நெளியும். அவள் இன்று எதையும் பிரிக்கவில்லை.

தெருக்கதவு தாழ் போட்டது போட்டபடி இருந்தது. மழைக்கு முந்திய இருட்டு கடைக்குள் வந்து உட்கார்ந்துவிட்டதால் நான்கு மணிக்கே குழல்விளக்கைப் போட வேண்டியிருந்தது. அது இரண்டு முறை கண்சிமிட்டிவிட்டு ஒரு மெல்லிய ரீங்காரத்தோடு எரியத் தொடங்க, மெஷின் எண்ணெயும் புதுத் துணியின் கஞ்சியும் பாச்சை உருண்டையும் கலந்த அந்த வழக்கமான வாசனைக்கு அடியில், இன்று வேறொரு வாசனையும் மெல்ல எழுந்து வந்தது. நனைந்த மண் வாசனை. மழை இன்னும் பெய்யவில்லை.

எலியாக இருக்கும் என்று சொல்லிக்கொண்டாள். நூலை விரலில் சுற்றிக் குப்பைக்கூடையில் போட்டாள். போட்ட பிறகும் விரலில் அந்த நெளிவு இருப்பதுபோலவே இருந்தது.

பின்னறையில்தான் சபையின் அங்கிகள் தொங்குகின்றன. ஆண்டவருடைய வருகை வாசலில் நிற்கிறது என்று நம்புகிற சின்ன சபை அது. ஒருவரை ஒருவர் பார்த்தால் சுகமா என்று கேட்க மாட்டார்கள். "ஆயத்தமா?" என்பார்கள். "ஆயத்தம்" என்று பதில் வரும். ஒவ்வொருவருக்கும் ஒரு வெள்ளை அங்கி. வீட்டில் வைத்தால் அதில் அடுப்புப் புகையும் சண்டையும் ஏறிவிடும் என்று போதகர் சொன்னதால், அறுபத்திரண்டும் இவளுடைய பூட்டுக்குள் நீளக் கம்பியில் தொங்கின. மாதம் ஒரு முறை ஒத்திகை. கோயில் மணி மூன்று முறை அடித்து நிற்கும்; கால் மணி நேரத்துக்குள் எல்லாரும் ஓடி வந்து அவரவர் அங்கியைக் கையில் ஏந்திக்கொண்டு போய் கோயில் முற்றத்தில் நிற்க வேண்டும். போட்டுக்கொள்ளக் கூடாது. அதைப் போடுவது இரண்டே தருணங்களில்தான்: எக்காளம் ஊதும் நாளில், அல்லது அதற்கு முன்பே பெட்டிக்குள் போக நேர்ந்தால்.

சாவி அவள் கழுத்துக் கயிற்றில் தொங்கியது. அந்தச் சாவிக்கு ஒரு கனம் உண்டு. "மோட்சத்துக்கு வழி காட்டுறது பாஸ்டர்தான், ஆனா உடுப்பு குடுக்குறது நான்தானே" என்று சிரித்துக்கொண்டே சொல்வாள். கேட்டவர்களும் சிரிப்பார்கள். அவள் பாதிதான் விளையாட்டாகச் சொன்னாள் என்பது அவர்களுக்கு எங்கே தெரியும்.

ஏனென்றால் அந்த அங்கிகளில் ஒன்பதை அவள் தைக்கவே இல்லை. வெறுமனே ஓட்டியிருந்தாள். உண்மையான தையலுக்கு முன்னால் துணி நழுவாமலிருக்க இரண்டு விரல்கடை நீளத்துக்கு ஒன்றாகத் தொளதொளவென்று போடுகிற ஓட்டுத் தையல். தலைப்பைப் பிடித்து இழுத்தால் மொத்தமும் உருவிக்கொண்டு வந்துவிடும். மடித்துத் தேய்த்துத் தொங்கவிட்டால் யாருக்கும் வித்தியாசம் தெரியாது. ஜெபத்துக்கு நடுவில் களுக்கென்று சிரிக்கிற காய்கறிக்காரிக்கு ஒன்று. வாயைத் திறந்தாலே சாராயம் மணக்கிற எலக்ட்ரீஷியனுக்கு ஒன்று. இப்படி, மேலே போக மாட்டார்கள் என்று அவளாகவே முடிவு கட்டிய ஒன்பது பேருக்கு. போகாதவர்களுக்கு எதற்குக் கெட்டித் தையல்? நூல்தான் தண்டம்.

ஒன்பதாவது, அவள் தங்கைக்கு.

கட்டிய கணவனை விட்டுவிட்டு வேறொருவனோடு போய், அவனும் விட்டுப்போன பிறகு, ஏழு வருடம் கழித்து ஒரு பையோடு வந்து நின்றாள் தங்கை.

"அக்கா, எனக்கும் ஒண்ணு தச்சுக் குடு."

"பாஸ்டர் சொல்லாம நான் தைக்க முடியாது."

"சொல்லிட்டாரு. வேணும்னா போய்க் கேட்டுக்கோ."

போய்க் கேட்டாள். "மனசு உடைஞ்சு வந்திருக்காம்மா, தச்சுக் குடுங்க" என்றார் போதகர். ஏழு வருடம் ஆட்டம் போட்டவளுக்கு ஒரே அழுகையில் வெள்ளை அங்கியா என்று இவளுக்கு வயிறு எரிந்தது. "கையை அகட்டு" என்று சொல்லி அளவு நாடாவைச் சுற்றினாள். விலா எலும்பு ஒவ்வொன்றும் நாடாவுக்கு அடியில் தட்டுப்பட்டது. என்ன உடம்புக்கு என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

"நல்லாத் தச்சுக் குடுக்கா. நான் சீக்கிரமே போட வேண்டியிருக்கும்."

மூன்று மாதம் முன்பு, மழை பிடித்துக்கொண்ட ஒரு நாளில், தங்கையின் உடலைத் தூக்கிப் பெட்டியில் வைத்தபோது எல்லார் முன்னிலையிலும் அங்கியின் தோள் 'சர்ர்' என்று பிரிந்தது. ஒரு நீள நூல் தொங்கியது. இவள் ஓடிப்போய் இரண்டு ஊக்குகளைக் குத்தி மூடினாள். போதகர் மறுநாள்தான் கேட்டார்.

"உங்க தையல் பிரிஞ்சு நான் பார்த்ததே இல்லையேம்மா."

"துணி மட்டம், பாஸ்டர். கடைக்காரன் ஏமாத்திட்டான்."

அவர் அதற்கு மேல் கேட்கவில்லை. ஆனால் போன ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தின் முடிவில், இவளைப் பார்க்காமலேயே, "இந்த முறை கையில ஏந்த வேண்டாம், எல்லாரும் போட்டுக்கிட்டே நிப்போம்" என்று அறிவித்துவிட்டார். ஒத்திகை இன்று மாலை ஆறு மணிக்கு.

ஒரு வாரம் கையில் இருந்தது. தினமும் பின்னறையைத் திறப்பாள், அந்த எட்டு அங்கிகளைப் பார்ப்பாள், இந்த ஆட்களுக்காக நான் முதுகொடிய வேண்டுமா என்று மறுபடியும் பூட்டுவாள். இன்று வேறு வழியில்லை. சாப்பிட்டுவிட்டு உட்காரலாம் என்றிருந்தவள் கண்ணயர்ந்துவிட்டாள். அவள் மனந்திரும்பினாள் என்று எழுத எனக்கும் ஆசைதான். ஆனால் பூட்டைத் திறந்தபோது அவளுக்குள் இருந்தது மாட்டிக்கொள்வோமே என்ற பயம் ஒன்றுதான்.

பின்னறையில் மண் வாசனை அடர்த்தியாக இருந்தது. அங்கிகள் தோளோடு தோள் ஒட்டிக்கொண்டு, கதவுப் பக்கம் முதுகைக் காட்டி, ஒரு கூட்டம் எதையோ கேட்டுக்கொண்டு நிற்பதுபோல அசையாமல் தொங்கின. அவற்றுக்கு நடுவே பக்கவாட்டில் நுழைந்து, முகத்தில் உரசும் கைகளை ஒதுக்கி ஒதுக்கி, காய்கறிக்காரியின் அங்கியைத் தேடிப் பிடித்து, உட்புறத்தைத் திருப்பினாள்.

ஓட்டுத் தையல் இல்லை.

அந்த இடத்தில் கைத்தையல் இருந்தது. எறும்பு வரிசைபோல நெருக்கமாக, இழுத்துப் பார்த்தாலும் அசையாத கெட்டித் தையல். அடுத்ததைத் திருப்பினாள். எலக்ட்ரீஷியனுடையது. அதுவும் அப்படியே. எட்டையும் பார்த்தாள். எட்டும் தைக்கப்பட்டிருந்தன. ஒரு கணம், வெட்கமே இல்லாமல், வேலை மிச்சம் என்றுதான் அவளுக்குத் தோன்றியது.

பிறகு முடிச்சுகளைக் கவனித்தாள். எல்லா முடிச்சும் இடப் பக்கம் விழுந்திருந்தது. தையல்கள் எதிர்ப்பக்கமாகச் சாய்ந்திருந்தன. இடக்கையால் தைக்கிறவர்களுக்குத்தான் அப்படி விழும். இந்தக் கடையில் இடக்கையால் ஊசி பிடித்தவள் ஒருத்திதான், சின்ன வயதில் இங்கே தையல் பழகிய தங்கை. "நேராத் தைக்கவே வராதாடி உனக்கு" என்று அந்தக் கையில் அடிக்கோலால் இவளே எத்தனையோ முறை தட்டியிருக்கிறாள்.

'சர்ர்.'

மிக மெல்லிய சத்தம். துணியிலிருந்து நூல் உருவப்படும் சத்தம். அவளுக்குத் தூக்கத்திலும் தெரிகிற சத்தம்.

கதவருகே, கம்பியின் முதல் இடத்தில் தொங்கியது அவளுடைய சொந்த அங்கி. இரட்டைத் தையல் போட்டது, கழுத்தில் பூவேலை செய்தது. அதன் கீழே தரையில் வெள்ளை நூல் குவிந்து கிடந்தது. நெளிந்த நூல். கைப்பிடி அளவு. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னொரு இழை மேலிருந்து மெதுவாக, மெதுவாக இறங்கி வந்து அதன்மேல் படுத்தது.

அங்கியைப் பிடுங்கிக்கொண்டு முன்னறைக்கு ஓடினாள். தோள், கை, பக்கவாட்டு எல்லாம் ஓட்டுத் தையல்தான். இரண்டு விரல்கடைக்கு ஒன்று. தொளதொளவென்று. மெஷினில் வைத்து மிதித்தாள். நூல் அறுந்தது. கோத்தாள். மீண்டும் மிதித்தாள். ஊசி உடைந்தது.

அப்போது மணி அடித்தது.

சுவரில் நாலேகால். ஆறு ஆகவில்லை. ஒரு முறை. இரண்டு முறை. மூன்று முறை. நிற்க வேண்டும். நிற்கவில்லை. நான்கு, ஐந்து, அதற்கு மேல் எண்ண முடியவில்லை. மணிச் சத்தத்துக்கு மேலே இன்னொரு சத்தம் எழுந்தது. நீளமான ஊதல். தெருவிலிருந்து வரவில்லை. கூரைக்கு மேலே, வானம் முழுக்க.

பின்னறையைத் திரும்பிப் பார்த்தாள்.

வெறும் ஹேங்கர்கள். வரிசையாக, எல்லாம் ஒரே பக்கமாக ஆடிக்கொண்டிருந்தன. யாரும் உள்ளே வரவில்லை. அவள்தான் வாசலை மறித்து உட்கார்ந்திருந்தாள்.

தெருக்கதவின் இடுக்குகளில் வெளிச்சம். வெயில் இல்லை, விளக்கு இல்லை. அவ்வளவு வெள்ளை. வெளியே காலடிகள் ஓடின. யாரோ களுக்கென்று சிரித்தார்கள். காய்கறிக்காரி. அவளா. அவளுமா.

"இருங்க, நானும் வரேன்" என்று கத்தினாள். யாரும் நிற்கவில்லை.

ஓட்டுத் தையலோடு அங்கியை மாட்டிக்கொண்டாள். ஓர் அடி வைத்தாள். வலது தோள் பிரிந்தது. இன்னோர் அடி. இடது தோள். மூன்றாவது அடியில் அங்கி முழுவதும் துண்டு துண்டாகக் காலைச் சுற்றி விழுந்தது. வாடிக்கையாளர்களுக்காக மாட்டியிருந்த ஆளுயரக் கண்ணாடி முன்னால் அவள் உள்ளுடையோடு நின்றாள்.

முதுகில் ஏதோ பட்டது. குளிர்ந்தது. தட்டையானது. அளவு நாடா.

"கையை அகட்டுக்கா."

அகட்டினாள். அந்தக் கடையில் அந்தச் சொல்லுக்கு எல்லாரும் செய்வதைத்தான் செய்தாள். கண்ணாடியில் அவளுக்குப் பின்னால் ஒரு வெள்ளைத் தோள் தெரிந்தது. ஈரமான தோள். அதில் இரண்டு ஊக்குகள் துருப்பிடித்திருந்தன. நாடா மார்பைச் சுற்றியது, இடுப்பைச் சுற்றியது, ஒவ்வொரு விலா எலும்பாக எண்ணிக்கொண்டு இறங்கியது.

"அவங்களுக்கெல்லாம் நல்லாத் தச்சுட்டேன். உனக்கு மட்டும், நீ எனக்குத் தச்ச மாதிரி."

தன் வலது தோளைப் பார்த்தாள். துணி இல்லை. தோல்தான். கையும் தோளும் சேருகிற இடத்தில், தோலின் மேல், வெள்ளை நூல் ஓடியிருந்தது. இரண்டு விரல்கடைக்கு ஒன்று. தொளதொளவென்று. எதிர்ப்பக்கம் சாய்ந்து. இடது தோளிலும். கழுத்தைச் சுற்றியும். வலி இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

முடிச்சு இல்லாத தலைப்பு ஒன்று கழுத்திலிருந்து தொங்கியது. தரையில் படவில்லை. விறைப்பாகப் பின்னால் எங்கோ போய்க்கொண்டிருந்தது.

கதவு மூன்றடி தூரம். மணி அடித்துக்கொண்டே இருந்தது. பாவம் செய்துவிட்டேன் என்று சொல்லலாம். அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டால் போதும். வாயைத் திறந்தாள். கழுத்தில் ஒரு தையல் உருவியது. 'சர்ர்.' வாயை மூடிக்கொண்டாள்.

காதருகே மண் வாசனை.

"ஆயத்தமாக்கா?"

வெளிச்சம் கதவிடுக்கில் குறையத் தொடங்கியது. கால் விரல்களை மட்டும் முன்னால் நகர்த்தினாள். வலது கை, அகட்டியபடியே, தோளிலிருந்து ஓர் அங்குலம் கீழே இறங்கியது. அவள் அசையவில்லை. மூச்சு விடவில்லை. பின்னால், யாரும் மிதிக்காத மெஷினில், பாபின் அந்த நூலைச் சுற்ற ஆரம்பித்தது.