வெறும் பெட்டி

"எங்க பூனையக் குடுத்துருங்க, பெரியம்மா."

மாரிக்கனி கேட்டேவிட்டாள். எதைக் கேட்டாலும் இதை மட்டும் கேட்டுவிடாதே என்று அம்மா பாலம்மாள் மூன்று வாரமாகத் தலையில் அடித்துக்கொண்டிருந்தாள். மடவார் வளாகத்துத் தெருவில் மத்தியான வெயிலுக்கு ஒரு காக்கை கூட இல்லை. பக்கத்து வீட்டுக் கதவு பாதி திறந்திருந்தது. உள்ளேயிருந்து சுண்டிய பாலின் மணமும், அடுப்பில் முந்திரிக்கொட்டைத் தோடு எரிகிற காரப்புகையும், இரும்புச் சட்டியில் கரண்டி உரசி உரசித் திரும்புகிற சத்தமும் ஒன்றாகக் கலந்து வாசல்வரை வழிந்து வந்தன.

கனகலட்சுமி நிலைப்படிக்கு உள்பக்கமே நின்றாள். குடிவந்து ஆறு மாதம் ஆகிறது. நாள் முழுக்க அடுப்படியில் கிடக்கிற பொம்பளை. நெற்றியில் ஒரு பொட்டு வியர்வை இல்லை.

"கேக்கியா தாயி?"

"ஆமா, கேக்கேன். எங்க சோளத்தப் புடிச்சு வச்சிருக்கீக."

"புடிச்சு வைக்கல. அதுவா வந்துச்சு. அதுவா இருக்கு." சிரித்தாள். "ஆனா வாயத் தொறந்து கேட்டுட்டா இல்லேங்குத பழக்கம் எங்க வீட்டுல கெடையாது. பொழுது சாய அனுப்பி வைக்கேன்."

கதவு மூடியது. மாரிக்கனிக்கு வீட்டுக்குத் திரும்பி நாலு எட்டு வைத்த பிறகுதான் உறைத்தது. கனகலட்சுமி வாசலில் நின்ற நேரம் முழுக்க உள்ளே கரண்டி ஓடிக்கொண்டிருந்தது. அந்த வீட்டில் இன்னொரு ஆள் இருப்பதாக யாரும் சொன்னதில்லையே!

கேட்காமல் எதுவும் கிடைத்ததில்லை அவளுக்கு. ஸ்காலர்ஷிப் படிவத்தை ஆபீஸ் வாசலில் நின்று கேட்டு வாங்கினாள். "பொட்டப்புள்ளைக்கு எதுக்கு காலேஜ்" என்ற பெரியப்பாவிடம் ஏன் கூடாது என்று முகத்துக்கு நேரே கேட்டாள். அந்த வம்சத்திலேயே முதல் டிகிரி. இப்போது கோர்ட்டுக்கு எதிரே ஜெராக்ஸ் கடையில் வக்கீல்களுக்கு டைப் அடிக்கிறாள். "கேக்காத, கேக்காத" என்றே சொல்லி வளர்த்த வீட்டில் அந்தச் சொல்லைக் கேட்டாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். அதிலும் ஒரு பூனைக்கு! மழையில் நனைந்து கிடந்ததைத் தூக்கி வந்து இரண்டு வருஷம் தன் சோற்றைப் போட்டு வளர்த்த பூனைக்கு!

சோளக்கதிர் நிறத்தில் இருந்ததால் அதற்குச் சோளம் என்று பெயர். பால் வாசத்துக்குப் போகிறது என்றுதான் முதலில் நினைத்தாள். பிறகு ராத்தங்க ஆரம்பித்தது. பிறகு வரவே இல்லை. பக்கத்து வீட்டு ஜன்னலில் உட்கார்ந்திருக்கும். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் யாரோ தெருவில் போகிறவளைப் பார்ப்பதுபோல் அவளைப் பார்க்கும். அந்த வீட்டுக்குத் தினம் மூன்று கேன் பால் போனது. ஒரு கிலோ பால்கோவாகூட வெளியே வந்து யாரும் பார்த்ததில்லை.

பொழுது சாயும்போது வாசலில் ஒரு ஓலைப்பெட்டி இருந்தது. கொண்டுவந்து வைத்த ஆளைக் காணோம். மூடியைத் திறந்தாள். உள்ளே சோளம், வாலைச் சுற்றிக்கொண்டு, கண் திறந்தபடி. அள்ளி எடுத்தபோது இரண்டு பங்கு கனத்தது. மூக்கைத் துளைக்கும் பால் வாசம். கருவாட்டுத் துண்டைக் காட்டினாள், முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. நேரே போய்ப் பொதுச்சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டது. சுவருக்கு அந்தப் பக்கம் கரண்டி ஓடியது. இந்தப் பக்கம் பூனையின் வால் அசைந்தது. கரண்டி நின்று திரும்புகிற இடத்தில் வாலும் நின்று திரும்பியது.

ராஜபாளையம் மில்லில் ஷிப்ட் முடித்துத் தலையெல்லாம் பஞ்சோடு வந்த பாலம்மாள், பூனையைப் பார்க்கவில்லை. பெட்டியைத்தான் பார்த்தாள். அப்படியே சுவரோரம் உட்கார்ந்துவிட்டாள்.

"கேட்டுட்டியாட்டி?"

"கேட்டேன். குடுத்துட்டாவ. இதுக்குப் போயி என்னமோ..."

"கேட்டா குடுத்துருவாவ. அதாம்ட்டி பயமே." குரல் இறங்கியது. "எதுத்த வீட்டு வெள்ளைத்தாயி அவ கோழியக் கேட்டா. கோழி இந்த மாதிரிப் பெட்டில வந்துச்சு. மகராசி பெட்டிய வெறுமனே கொண்டு போயி வச்சுட்டு வந்தா. இப்பம் வெள்ளைத்தாயி எங்கன்னு யாருக்காது தெரியுமா?"

"மக வீட்டுக்குப் போயிருக்காவன்னு நீதான சொன்ன."

"அவளுக்கு ஏதுட்டி மக?"

அந்தத் தெருவில் எந்த ஏனமும் வெறுமனே திரும்பியது கிடையாது. ஒரு கிண்ணம் குழம்பு வந்தால், கிண்ணத்தைக் கழுவி ஒரு கை சீனியாவது, ரெண்டு இணுக்கு முருங்கைக் கீரையாவது போட்டுத்தான் திருப்பிக் கொடுப்பார்கள்.

"சரி, சீனி போட்டுக் குடுத்தாப் போச்சு."

"வந்தது சீனியா?" பாலம்மாள் பூனையைப் பார்த்தாள். "வந்தது உசிரு."

மறுநாள் காலையில், அம்மா எழுந்திருக்கும் முன்னால், மாரிக்கனி பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனாள். ஒரு கை சீனியைக்கூட அள்ளவில்லை. பூனையைத் திருடிவிட்டு மரியாதை வேறு வேண்டுமாக்கும் என்று கோபம். கனகலட்சுமி பெட்டியை வாங்கி உள்ளே கைவிட்டுத் துழாவிப் பார்த்தாள்.

"வெறும் பெட்டியா?" கோபமே இல்லாத குரல். "பரவால்ல தாயி. நாங்களே எடுத்துக்கிடுதோம்."

மூன்று நாள் ஒன்றும் நடக்கவில்லை. நாலாம் நாள் பாலம்மாள் சோற்றை ஒதுக்கி வைத்துவிட்டுப் பாலை மட்டும் குடித்தாள். ஆறாம் நாள் மாரிக்கனி கடையிலிருந்து வந்தபோது, அம்மா பொதுச்சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள், பூனைக்குப் பக்கத்தில். அவள் வலது கை மடியில் கிடந்தபடி மெல்ல, மிக மெல்ல, சுற்றிக்கொண்டிருந்தது. நின்றது. திரும்பியது.

"யம்மா!"

"செத்த நேரம் கனகு வீட்டுல உக்காந்துட்டு வாரேன்."

வந்தாள் அன்றைக்கு. மறுநாள் விளக்கு வைத்த பிறகு வந்தாள். அதற்கு மறுநாள் மில்லிலிருந்து போன் வந்தது. "பாலம்மாக்கா நாலு நாளா வேலைக்கு வரலயே, மேலுக்குச் சரியில்லையா?" தினமும் சாப்பாட்டுத் தூக்குச்சட்டியோடுதான் கிளம்பிப் போனாள். பஸ் ஏறவில்லை. பத்தடிதான் போயிருக்கிறாள்.

அன்று இரவு பாலம்மாள் வரவில்லை.

மாரிக்கனி தெருமுனையில் குடியிருந்த கான்ஸ்டபிள் பாண்டிச்செல்வத்திடம் ஓடினாள். அவர் யூனிபார்மை மாட்டிக்கொண்டே சிரித்தார்.

"பக்கத்து வீட்டுல போயி உக்காந்திருக்காவன்னு கேஸ் போடச் சொல்லுதியா? அம்மாகூட என்ன சண்டை? படிச்ச புள்ள வாய்க்கு அவிய ஓடிருப்பாவ. போயி சமாதானமாப் பேசிக் கூட்டிட்டு வா தாயி."

திரும்பி வந்து பக்கத்து வீட்டு ஜன்னல் வழியாகப் பார்த்தாள். கண்ணுக்கு இருட்டு பழகக் கொஞ்ச நேரம் ஆனது. தாழ்வான அடுப்பு, அகலமான இரும்புச் சட்டி, அதில் வெள்ளையாக ஒன்று கொதித்துக்கொண்டே இருந்தது, கெட்டிப்படாமல். குத்தவைத்துக் கிண்டிக்கொண்டிருந்தவளின் தலையில் இன்னும் பஞ்சு ஒட்டியிருந்தது. அனல் அவள் முகத்தில் நேரே அடித்தது. வியர்வை இல்லை.

"யம்மா. யம்மா, நாந்தான்."

பாலம்மாள் திரும்பினாள். கை நிற்கவில்லை. தெருவில் போகிறவளைப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

"யாரு தாயி? என்ன வேணும்?"

மாரிக்கனி வீட்டுக்கு வந்து விடியும்வரை உட்கார்ந்திருந்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் அம்மாவின் கை. ஒவ்வொரு திருப்பத்தையும் எண்ணினாள். அப்பா செத்த பிறகு பதினாறு வருஷம் மில் மெஷினில் உழைத்த கை. அவளுடைய காலேஜ் பீஸைக் கட்டியது அந்தக் கைதான். பூனையைக் கேட்டது பாலம்மாள் இல்லை. பெட்டியை வெறுமனே திருப்பியதும் பாலம்மாள் இல்லை. வெளிச்சம் வரும்போது அவளிடம் அழுகை தீர்ந்திருந்தது, பயம் தீரவில்லை, என்ன செய்ய வேண்டும் என்பது மட்டும் தெளிவாக இருந்தது. எழுந்து குளித்தாள். தலைசீவினாள். போய் அந்தக் கதவைத் தட்டினாள்.

"எங்கம்மாவக் குடுங்க."

கனகலட்சுமி கதவை இன்னும் கொஞ்சம் திறந்தாள்.

"கேக்கியா தாயி?"

"கேக்கேன்."

பொழுது சாய்ந்தது. வாசலில் பெட்டி. பெரிய பெட்டி, கல்யாண வீட்டில் சோறு கொட்டுகிற கடகம் அளவுக்கு, மூடியோடு. மூடியைத் தூக்கினாள். பாலம்மாள் உள்ளே இருந்தாள். முழங்கால் தாடையில் இடிக்க. கைகளைக் காலைச் சுற்றிக் கட்டிக்கொண்டு. கண் திறந்தபடி. ஒரு மனுஷியை அவ்வளவு சின்னதாக மடிக்க முடியும் என்று மாரிக்கனிக்குத் தெரியாது.

தூக்கினாள். இரண்டு பங்கு கனம். உள்ளே கொண்டுபோய் உட்கார வைத்தாள். பாலம்மாள் தானாகவே சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். பூனை கொஞ்சம் தள்ளி இடம் விட்டது.

அப்போதுதான் கேட்டது. அல்லது, கேட்கவில்லை.

கரண்டி நின்றிருந்தது.

ஆறு மாதத்தில் முதல் தடவை. சுவர் முழுக்க அமைதி. யாருக்காகவோ காத்திருக்கிற அமைதி.

"யம்மா, நான் யாருன்னு தெரியுதா?"

தெரியவில்லை. உதடு மட்டும் அசைந்தது. குனிந்து காதை வைத்தாள். பால் வாசம்.

"பெட்டிய... வெறுமனே குடுத்துராத."

"குடுக்க மாட்டேன்."

சோற்றுப் பானையை அம்மாவின் கைக்கு எட்டுகிற தூரத்தில் நகர்த்தி வைத்தாள். தண்ணீர்ச் செம்பை வைத்தாள். பாண்டிச்செல்வத்தின் போன் நம்பரைக் காலண்டர் தாளில் பெரிதாக எழுதினாள். அதற்குமேல் வைக்க எதுவும் இல்லை. பெட்டியில் போட எதையும் தேடவில்லை; அதைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். படி இறங்கினாள். பின்னால் அம்மாவும் பூனையும் திரும்பிப் பார்க்கவில்லை.

பத்தடி.

பக்கத்து வீட்டுக் கதவு முழுசாகத் திறந்திருந்தது. வாசலில் யாரும் இல்லை. உள்ளே அடுப்பு எரிந்தது. பால் விளிம்புவரை பொங்கி வந்துகொண்டிருந்தது. சட்டியின் குறுக்கே கரண்டி. அதன் பிடியை வாசல் பக்கமாகத் திருப்பி வைத்திருந்தார்கள்.