சுத்த ரத்தப் பந்தயம்

செவ்வாயின் நான்காம் குமிழில் வசிப்பவர்கள் காலையில் பல் துலக்கியதும், கழுத்தில் பதித்திருக்கும் சிறு துளையில் விழிப்புத் துளியை விட்டுக்கொள்வார்கள். ரத்தத்தில் துளி இல்லையென்றால் அலுவலகக் கதவு திறக்காது. தூங்குமூஞ்சிகளுக்குச் சம்பளம் கொடுக்க எந்த நிறுவனத்துக்கும் மனசில்லை. குடிநீர் நிலைய மேற்பார்வையாளர் தணிகாசலம் அன்று இரண்டு துளி விட்டுக்கொண்டார், ஒன்று வேலைக்கு, இன்னொன்று கோபத்துக்கு.

"ஏமாத்திட்டான்! துரோகி, நம்மள மடையனாக்கிட்டான்!" என்று சுவரைப் பார்த்துக் கத்தினார்.

சுவர்த்திரையில் சைக்கிள் வீரன் இளவழுதி சிரித்துக்கொண்டிருந்தான். செம்மலையின் உச்சிவரை கண்ணாடிக் கூரை வேய்ந்து ஏறும் பந்தயப் பாதையில் மூன்று முறை வென்றவன். முதல் வெற்றியன்று தணிகாசலம் முன்பின் தெரியாத ஒருவரைக் கட்டிக்கொண்டு அழுதிருக்கிறார். நேற்றுச் சோதனையில் குட்டு உடைந்துவிட்டது. இளவழுதியின் உடம்பில் ஓடியது நுண்குருதி. கண்ணுக்குத் தெரியாத இயந்திரங்கள், சாதாரண ரத்தத்தைப்போலப் பத்து மடங்கு பிராணவாயுவைத் தசைகளுக்குச் சுமந்து போகக்கூடியவை. அப்படியானால் அன்றைக்கு அழுத அழுகை? அதை யாரிடம் போய்த் திருப்பிக் கேட்பது?

"எல்லாரும்தான் ஏதாச்சும் போட்டுக்கறாங்க. நீங்க போட்டுக்கலையா?" என்றாள் அவர் மனைவி கோமளா.

"அது வேலைடி! இது விளையாட்டு. விளையாட்டுலயாவது நேர்மை வேணாமா?"

படத்தைச் சுவரிலிருந்து அழித்தார். ஆத்திரம் அதோடு அடங்கவில்லை. குமிழ் குமிழாகப் போய் ஆள் சேர்த்தார். பந்தயக் குழுவின் வாசலில் தொண்டை கட்டும்வரை கோஷம் போட்டார். கடைசியில் குழு இறங்கி வந்தது. அடுத்த ஆண்டு சுத்த ரத்தப் பந்தயம். வீரர்களின் ரத்தம் வடிகட்டப்படும். தலைக்கவசத்தில் ஒரு விளக்கு. உள்ளே ஓடுவது வெறும் மனித ரத்தமென்றால் பச்சை, வேறெதுவும் கலந்தால் சிவப்பு. தண்டனை முடிந்திருந்த இளவழுதி எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்டுவிட்டு முதல் ஆளாகப் பெயர் கொடுத்தான். தணிகாசலத்துக்கு நெஞ்சு நிறைந்துபோனது. அவன் படம் மறுபடி சுவரேறியது.

பந்தய நாளன்று உச்சிக்குச் சற்றுக் கீழே, செங்குத்தான வளைவில் போய் நின்றார். கையில் அவரே எழுதிய அட்டை: 'சுத்த ரத்தமே வெல்க!'

வழக்கமாக மதியச் சாப்பாட்டுக்கு முன்பே வீரர்கள் காற்றாய்க் கடந்துவிடுவார்கள். இன்று சாப்பாடு முடிந்தது. கொண்டுவந்த முறுக்கும் தீர்ந்தது. பக்கத்தில் நின்றவர் கொட்டாவி விட்டார். பாதிப் பேர் கலைந்து போன பிறகு கீழே ஒரு பச்சை விளக்கு தெரிந்தது.

இளவழுதிதான் முதலில் வந்தான். ஆனால் நடந்து வந்தான். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, பத்தடிக்கு ஒரு தரம் நின்று, மூச்சு வாங்கிக்கொண்டு வந்தான்.

"இதப் பாக்கவா மலையேறி வந்தோம்?" என்று யாரோ கத்த, கூட்டம் கூச்சல் போட்டுச் சிரித்தது. தணிகாசலத்துக்கு மானமே போய்விட்டது. பாதையில் இறங்கி ஓடினார்.

"ஏறு தம்பி! ஏறி மிதி!"

"முடியலண்ணே. மனுஷக் கால் இவ்வளவுதான் வரும்."

தணிகாசலம் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். சட்டைப் பையிலிருந்து விழிப்புத் துளிக் குப்பியை எடுத்து அவன் கையில் திணித்தார்.

"இதப் போட்டுக்க. சட்டுனு! விளக்கு சிவப்பானா யார் கண்ணுலயும் படாம நான் மறைச்சுக்கறேன்."

மறைப்பதற்காக அட்டையை உயர்த்திப் பிடித்தார். இளவழுதி அதிலிருந்த எழுத்துகளை நிதானமாகப் படித்தான்.

"நீங்க எழுதினதாண்ணே?"

 குப்பியை அவர் சட்டைப் பையிலேயே திரும்பப் போட்டுவிட்டு, அவன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு மேலே நடந்தான். பச்சை விளக்கு கடைசிவரை அணையவில்லை.

மறுநாள் காலை தணிகாசலம் பல் துலக்கினார், துளி விட்டுக்கொண்டார், சுவரிலிருந்த படத்தை அழித்தார்.

"ஏமாத்திட்டான்! துரோகி, நம்மள மடையனாக்கிட்டான்!"

கோமளா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"இந்தத் தடவை என்னத்தப் போட்டுக்கிட்டானாம்?"

"ஒண்ணுமே போட்டுக்கலைடி!"