கோபித்துக்கொண்டு போனவள்

"இப்ப என்னம்மா பிரச்சினை உனக்கு? வந்து ஒரு ராத்திரிகூட முழுசா ஆகல... அதுக்குள்ள வேற இடம் பார்க்கணுமா?"

மகளின் குரல் விடுதி அறையின் உயரமான கூரையில் மோதித் திரும்பியது. அம்மா சால்வையின் நுனியை விரலில் சுற்றியபடி கதவோரம் நின்றாள். கட்டிலில் உட்கார்ந்திருந்த மாப்பிள்ளை, குழந்தைக்குக் காலுறை மாட்டுவதில் மும்முரமாக இருப்பதுபோல் குனிந்துகொண்டார். இந்த இரண்டு பேருக்கும் நடுவில் தலையைக் கொடுத்தால் என்ன ஆகும் என்பது கல்யாணமான புதிதிலேயே அவருக்குப் புரிந்துவிட்டிருந்தது.

"இல்லடா கண்ணு... ஏரிக்காத்து நேரா உள்ள வருது. கொஞ்சம் தள்ளி எங்கயாவது..."

"ஏரியைப் பார்க்கத்தானே இவ்வளவு தூரம் மலை ஏறி வந்தோம்! எது செஞ்சாலும் உனக்கு முகம் மலராது. ஊர்ல எல்லாரும் இந்த விடுதியில இடம் கிடைக்காதான்னு தவம் கிடக்கிறாங்க. நீ என்னடான்னா..."

மகள் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு குளியலறைக்குள் போனாள். கதவு படாரென்று சாத்திக்கொண்டது.

அம்மா சத்தமில்லாமல் வெளியே வந்தாள். நேற்று வந்து இறங்கியபோது மலை முழுவதும் பனிமூட்டம். விளக்குகளைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை. காலையில் கதவைத் திறந்த பிறகுதான் அவளுக்குத் தெரிந்தது. அந்த நீண்ட வராந்தா. வரிசையாக வெள்ளைத் தூண்கள். கீழே, ஊசியிலை மரங்களுக்கு நடுவே, அசையாமல் கிடந்த ஏரி. இப்போது பிரம்பு நாற்காலிகளும் பூந்தொட்டிகளும் இருக்கிற இடத்தில், அன்று இரும்புக் கட்டில்கள் இருந்தன. நோயாளிகளைப் பகலெல்லாம் இங்கே காற்றில் படுக்க வைப்பார்கள்.

பின்னால் காலடிச் சத்தம். அவர்களோடு வந்திருந்த அவளுடைய நாத்தனார். மகளுக்கு உயிருக்கு உயிரான அத்தை.

"அண்ணி..." அத்தை அவள் முகத்தையும் தூண்களையும் மாறி மாறிப் பார்த்தாள். "இதுதானா அந்த ஆஸ்பத்திரி?"

அம்மா தலையை மட்டும் அசைத்தாள்.

மகள் நாலு வயதுக் குழந்தையாக இருந்தபோது அம்மாவுக்குக் காசநோய் கண்டது. அதே சமயத்தில் நாத்தனாருக்கு ஒரு நல்ல இடம் அமைந்து வந்தது. வீட்டில் காசநோய் என்று வெளியே கசிந்தால் சம்பந்தம் முறிந்துவிடும் என்று மாமியார் பதறினார். "கோவிச்சுக்கிட்டுப் பொறந்த வீட்டுக்குப் போயிட்டான்னு சொல்லிக்கிறோம்... அவ உனக்கும் ஒரு தங்கச்சி மாதிரிதானே?" என்று கையைப் பிடித்துக் கேட்டார். கணவர் தலைகுனிந்து நின்றார். அவள் சரி என்றாள். இரண்டு வருடம் கழித்து உடம்பு தேறித் திரும்பி வந்தபோது, மகள் அத்தையின் முந்தானைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, "இவங்க வேணாம்... திரும்பப் போயிடுவாங்க" என்றாள். பக்கத்துத் தெருவிலேயே வாழ்க்கைப்பட்டிருந்த அத்தையின் வீடே அதன்பிறகும் அவளுக்குத் தாய்வீடாக இருந்தது.

மாமியார் போய்ச் சேர்ந்தார். கணவரும் போய்விட்டார். அந்தக் கதை மட்டும் போகவில்லை.

"நான் சொல்லிடறேன் அண்ணி. இப்பவே போய்..."

"வேணாம்மா. சுத்திப் பார்க்க வந்த இடத்துல எதுக்கு? குழந்தை சந்தோஷமா இருக்கு. விடு."

சாப்பாட்டுக் கூடத்தில்தான் அடுத்த பேச்சு ஆரம்பித்தது. வங்கியில் அதிகாரியாக இருந்த மகளுக்குத் தொலைதூர ஊருக்கு மாற்றலாகியிருந்தது. மாப்பிள்ளைக்கு வேலை பழைய ஊரில். வாரக் கடைசியில்தான் வந்துபோக முடியும். குழந்தையைப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஒருவர் வேண்டும்.

"அத்தை, நீங்க என்கூட வந்துடுங்க. வீடெல்லாம் பார்த்தாச்சு" என்றாள் மகள், ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே.

அம்மா டீக் கோப்பையைக் கீழே வைத்தாள். "நான் வரேனே கண்ணு... தையல் மிஷினைக்கூட அங்கேயே கொண்டுவந்துட்டா, நான் பாட்டுக்கு..."

"நீயா?" மகள் சிரித்தாள். நல்ல சிரிப்பு இல்லை. "பாதியில எதுக்காவது கோவிச்சுக்கிட்டுக் கிளம்பிட்டேன்னா? என் பொண்ணு வாசப்படியில உக்காந்து தெருவைப் பார்த்துக்கிட்டு இருக்கணுமா... நான் இருந்த மாதிரி?"

"ஏய்... என்ன பேச்சு இது!" என்றார் மாப்பிள்ளை.

அத்தையின் உதடுகள் துடித்தன. மேசைக்கு அடியில் அம்மாவின் கை அவள் கையை இறுகப் பற்றியது. அம்மா எழுந்துபோகவில்லை. குனிந்த தலை நிமிராமல், பேத்தியின் பாலை ஆற்றிக்கொண்டிருந்தாள்.

வெயில் ஏறியதும் எல்லோரும் ஏரிக்கு இறங்கினார்கள். படகுத்துறையில் கூட்டம். தண்ணீரில் மலை தலைகீழாகத் தெரிந்தது. மிதிபடகு வேண்டும் என்று அடம்பிடித்த குழந்தையைக் குல்லா வாங்கித் தருவதாகச் சமாதானப்படுத்தி, மாப்பிள்ளை கம்பளிக் கடைகள் இருந்த பக்கம் கூட்டிப்போனார். மற்றவர்களும் பின்னாலேயே போனார்கள்.

முதல் கடையில் ஒரு பருத்த பெண்மணி பின்னல் ஊசிகளை ஆட்டிக்கொண்டு, வருவோர் போவோரை எல்லாம் சொந்தக்காரர்கள்போல் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். அம்மாவைப் பார்த்தவள் அப்படியே நிறுத்தினாள். ஊசி கீழே விழுந்தது.

"ஏய்... ஊமைச்சி! நீ ஊமைச்சிதானே?"

மாப்பிள்ளை திடுக்கிட்டுத் திரும்பினார். அம்மாவோ கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். அவள் முகம் மெல்ல மெல்ல மாறியது.

"ரே... ரேடியோ?"

"ரேடியோவேதான்! உயிரோடதான் இருக்கேன், கிள்ளிப் பாரு!" கம்பளிக்காரி கடைப் பலகையைத் தாண்டிக் குதித்து வந்து அவளைக் கட்டிக்கொண்டாள். "குணமாயிடுச்சு, வீட்டுக்குப் போன்னு சொன்னாங்க. கூட்டிட்டுப் போகத்தான் ஒரு நாயும் வரல. போங்கடான்னு இங்கேயே கடை போட்டுட்டேன்!"

"அம்மா... யாரு இவங்க? ஊமைச்சின்னா?" என்றாள் மகள்.

"உங்கம்மாதாம்மா ஊமைச்சி! பக்கத்துப் பக்கத்துக் கட்டில் எங்களுக்கு. நான் வாய் மூட மாட்டேன், இவ வாய் திறக்க மாட்டா. பொண்ணைப் பத்திக் கேட்டா மட்டும்தான் பேச்சு வரும்... அந்தப் பொண்ணு நீதானா? அடேயப்பா!"

"எந்தக் கட்டில்? எங்கே?"

"மேல வெள்ளைக் கட்டடம் தெரியுதே, இப்ப விடுதியா ஆக்கிட்டாங்களே, அதான் அப்போ காசநோய் ஆஸ்பத்திரி. இருமி இருமித் துணியெல்லாம் ரத்தமா கிடப்பா. பொழைக்க மாட்டான்னே நினைச்சோம். உங்கப்பா பார்க்க வரும்போதெல்லாம், 'குழந்தையைக் கூட்டிட்டு வரட்டுமா'ன்னு கேட்பாரு. வேணாம், அதுக்கு ஒட்டிக்கும்னு சொல்லிடுவா. அவரு அந்தப் பக்கம் போனதும் தலையணையைக் கடிச்சுக்கிட்டு ஒரு அழுகை அழுவா பாரு... எனக்கே பேச்சு நின்னு போயிடும்!"

"ரேடியோ... போதும்" என்றாள் அம்மா.

கம்பளிக்காரி எல்லோர் முகத்தையும் பார்த்தாள். ஏதோ உடைத்துவிட்டோம் என்று அவளுக்கு விளங்கியது. குழந்தையைத் தூக்கிக்கொண்டு குல்லாக்கள் பக்கம் போனாள். மாப்பிள்ளையும் நழுவினார்.

மகள் மெதுவாக அத்தையைத் திரும்பிப் பார்த்தாள்.

"உங்களுக்குத் தெரியுமா, அத்தை?"

அத்தை கடையை ஒட்டி ஏரிக்கு இறங்கிய கல்படியில் உட்கார்ந்தாள். "தெரியும்டா... எல்லாம் எனக்காகத்தான். என் கல்யாணம் நிக்கக் கூடாதுன்னு எங்கம்மா கட்டின கதை. அண்ணி யார்கிட்டயும் கோவிச்சுக்கிட்டுப் போகல!"

"திரும்பி வந்தப்புறமாவது சொல்லியிருக்கலாமே!"

"என் மாமியார் இருந்தவரைக்கும் பயம். அவங்க போனப்புறம்..." அத்தை முகத்தை மூடிக்கொண்டாள். "எனக்குன்னு ஒரு குழந்தை பொறக்கல. நீ என் மடியிலேயே கிடப்பே. சொன்னா அம்மாகிட்ட ஓடிடுவியோன்னு... சுயநலம்டா. வேற என்ன!"

மகளின் கண்கள் கனன்றன. அத்தையை ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அம்மா குறுக்கே வந்து நின்றாள்.

"அவளை ஒண்ணும் சொல்லாதே. நான் இல்லாதப்ப உனக்குத் தலைவாரி, சோறு ஊட்டி, காய்ச்சல் வந்தா மடியில போட்டுக்கிட்டு உக்காந்திருந்தவ அவ."

"நீ சொல்லியிருக்கலாமேம்மா! நீ!"

"சொன்னா நீ அத்தையை வெறுப்பே. உங்கப்பாவை வெறுப்பே. செத்துப்போனவங்களை எல்லாம் வெறுப்பே. எதுக்கு அத்தனை பேரு? ஒருத்தியோட போகட்டும்னு..."

மகள் கல்படியில் சரிந்து அம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டாள்.

"காலையிலகூட... சாப்பிடற இடத்துல... அப்படிப் பேசினேனே! எல்லாத்தையும் கேட்டுக்கிட்டு எப்படிம்மா உக்காந்திருந்தே? ஒரு தடவை, ஒரே ஒரு தடவை என்னை அறைஞ்சிருக்கலாமே!"

"ஆசைதான்" என்றாள் அம்மா. கண்ணீருக்கு நடுவே அவளுக்குச் சிரிப்பு வந்தது. "எனக்குக் கோவமே வராதுன்னா நினைச்சே?"

அவள் மகளின் கலைந்த தலையைக் கோதினாள். அத்தை தள்ளியே உட்கார்ந்திருந்ததைப் பார்த்து, "உனக்குத் தனியாச் சொல்லணுமா? வா இந்தப் பக்கம்" என்றாள். அத்தை வந்து அவள் தோளில் முகம் புதைத்தாள். படகுக்குக் காத்திருந்தவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். பார்க்கட்டும்.

வெகுநேரம் கழித்து மகள் தலையை நிமிர்த்தினாள். மூக்கு சிவந்து, நாலு வயதுக் குழந்தைபோல் இருந்தாள்.

"அம்மா... என்கூட வந்துடறியா?"

"வரேன். ஆனா இப்பவே ஒண்ணு சொல்லிடறேன்."

"சொல்லு."

"அந்தக் கதையைக் கட்டினதிலேர்ந்து நான் ஒரு நாள்கூட வாய்விட்டுக் கோவப்பட்டதில்ல. எனக்குக் கோவம் வந்தா போதும், 'பாத்தியா, கிளம்பப் போறா'ன்னு எல்லாரும் வாசலைப் பார்ப்பாங்களோன்னு பயம். எல்லாத்தையும் முழுங்கி முழுங்கியே..." அம்மா சால்வை நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இனிமே என்னால முடியாதுடா. கோவம் வந்தா நான் கோவிச்சுக்குவேன்."

"கோவிச்சுக்கோம்மா..." மகள் அவளை இன்னும் இறுகக் கட்டிக்கொண்டு விம்மினாள். "நல்லா கோவிச்சுக்கோ! வீடே அதிரக் கத்து... நான் வாசலைப் பார்க்க மாட்டேன்!"