வெளுத்துப்போன சிவப்பு

காலை ஒன்பது மணிக்கு ஆய்வறை அலமாரியைத் திறந்த கடல்காரிக்குத் தூக்கிவாரிப்போட்டது. இந்நேரம் லேசான சிவப்புப் புள்ளிகளாகத் தெரியவேண்டிய பாக்டீரியா, எல்லாக் கண்ணாடித் தட்டுகளிலும் மொத்தையாக, வெள்ளை வெளேரென்று வளர்ந்து கிடந்தது. முந்தின மாலை அவளேதான் அதைத் தட்டுகளில் தேய்த்துவிட்டு, ஈரம் காயாததால் மூடி மேலே இருக்கும்படி நிமிர்த்தி வைத்துவிட்டு வீட்டுக்குப் போனாள்.

முகச்சுருக்கத்துக்கு க்ரீம் செய்கிற கம்பெனி அது. கடல்நீரிலிருந்து பிரித்தெடுத்த பாக்டீரியாவின் சிவப்பை க்ரீமில் சேர்ப்பது அவள் கண்டுபிடிப்பு, பட்டப்பெயரும் அதனால்தான். சாயங்காலம் அதைப் பார்க்க வெளியிலிருந்து ஆட்கள் வரவிருந்தார்கள்.

முதலாளி ஊழியர்கள் எல்லார் முன்னாலும் கத்தினார். "ஏம்மா, இத்தனை நாளா சாயம் கலந்துதான் சிவப்பு காட்டினியா? பித்தலாட்டம்! ராஜினாமா எழுதிக் குடு!"

"நான் அப்பவே சொன்னேனே அத்தான்" என்று சிரித்தான், விற்பனையைப் பார்த்துக்கொள்ளும் அவர் மைத்துனன். ஆபீஸ் முழுக்க அவன் 'மச்சான்'தான்.

தரம் பார்க்கும் அதிகாரி மட்டும் அவளுக்கு டீ நீட்டினார். "பாவம், விடுங்க. கடல் சரக்கை நம்ப முடியுமா? எழுதிக் குடுத்துட்டு கௌரவமா போயிடும்மா."

"எழுத மாட்டேன் சார். சாயங்காலம் வரைக்கும் இந்தத் தட்டெல்லாம் என் மேசை மேலதான் இருக்கும். எவரும் தொடக்கூடாது."

கவிழ்ந்திருந்த அடுக்கைக் கலைக்காமல் தூக்கி மேசையில் வைத்தாள். அப்போதுதான் அவளுக்குப் பொறி தட்டியது. வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

ஆய்வறைச் சாவி அவளைத் தவிர மச்சானிடமும் அதிகாரியிடமும் இருந்தது. இன்று அவளுக்கு முன்னால் வந்ததும் அதே இருவர்.

"மச்சான், தட்டைத் தொட்டீங்களா?"

"அந்தக் கருமத்தையா? பார்த்தாலே குமட்டுது!"

"சார், நீங்க?"

"என் ரூமுக்கே நேரம் பத்தலைம்மா."

அவர் அறையில் உடம்புச் சூட்டிலேயே இருக்கும் பெட்டி ஒன்று உண்டு. க்ரீமில் கிருமி வளர்கிறதா என்று பார்ப்பது அதில்தான். அந்த அறைக்கும் மச்சானிடம் சாவி உண்டு.

மாலை ஐந்து மணிக்கு வெள்ளை மொத்தைகளின் ஓரத்தில் சிவப்பு ஏறியிருந்தது. முதலாளி வாயைப் பிளந்தார்.

"சாயம் கலந்தேனா? காலையிலேர்ந்து உங்க கண் முன்னாடிதானே இருக்கு" என்றாள் கடல்காரி. "உடம்புச் சூட்டுல வெச்சா இது மளமளன்னு வளரும், நிறம் மட்டும் வராது. ஆறினா மறுபடி சிவக்கும். இதை நான்தான் பெருமையா இவங்க ரெண்டு பேர்கிட்டயும் சொன்னேன். ராத்திரி பூரா யாரோ சூட்டுப்பெட்டியில வெச்சுட்டு, காலையில மறுபடி அலமாரியில வெச்சிருக்காங்க."

"டேய்!" என்று மைத்துனன் பக்கம் பாய்ந்தார் முதலாளி.

"அவர் இல்லை. நேத்து நான் தட்டை நிமிர்த்தி வெச்சேன். காலையில எல்லாம் கவிழ்ந்திருந்தது. மூடியில கோக்கிற தண்ணி வளர்ச்சி மேல சொட்டக்கூடாதுன்னு கவிழ்க்கிறது எங்க தொழில் பழக்கம். மச்சான் எடுத்திருந்தா டப்பா மாதிரி மூடி மேலதான் இருந்திருக்கும். இது யோசிக்காமலே கை செஞ்ச வேலை. உங்க கைதானே சார்?"

அதிகாரியின் முகம் பேயறைந்தாற்போல் ஆனது. "இப்ப விக்கிற க்ரீம் நான் உருவாக்கினது. உன்னோடது வந்தா அதை நிறுத்திடுவாங்க. வேற என்ன பண்ணச் சொல்றே?"

வாசலில் கார் வந்து நின்றது. முதலாளி குரலைத் தாழ்த்தினார். "வெளியே தெரிஞ்சா கம்பெனி மானம் போயிடும். ஏதோ தவறிப்போச்சுன்னு சொல்லிடும்மா. உனக்குப் பெரிய பதவியே தரேன்."

அவளுக்கு உச்சந்தலை வரை கோபம் ஏறியது.

"என்னைப் பித்தலாட்டக்காரின்னு எல்லார் முன்னாடியும்தானே சொன்னீங்க? இதையும் எல்லார் முன்னாடியும்தான் சொல்வேன்."

தட்டுகளை வாரி எடுத்துக்கொண்டாள். மறித்து நின்ற முதலாளியைத் தோளால் விலக்கிவிட்டு, வந்தவர்களைப் பார்க்க நடந்தாள்.